அக்கா போட்ட ஐந்து மார்க்

எங்கள் அக்கா வேலை செய்யும் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு ‘ரிஜெக்ட்’ என்று பெயர். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் அங்கே புழங்குவதில்லை. “ரிஜெக்ட் வந்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டுதான் தையல் பெண்கள் மிஷினில் உட்காருவார்கள். வந்துவிட்டாள் என்று தெரிந்தால் கை கொஞ்சம் நிதானமாக ஓடும்.

அவள் கடைசி மேசைச் செக்கர். ஆயிரம் சட்டை தைத்து முடிந்து ஒரு லாட்டாக வந்து நிற்கும். அதிலிருந்து எண்பது சட்டையை அங்கொன்றும் இங்கொன்றுமாக உருவி எடுப்பாள். மேலே இருப்பதை மட்டும் எடுக்கமாட்டாள். நல்லதை மேலே அடுக்கிவைக்கும் தந்திரம் அவளுக்குத் தெரியும். அவளும் ஒரு காலத்தில் அப்படி அடுக்கியவள்தான். உருவியதை உள்பக்கம் வெளியே திருப்பிப்போட்டு, தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்ப்பாள். குறை தென்பட்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுவாள். எண்பதும் முடிந்ததும் லாட் அட்டையில் ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு மார்க் போடுவாள். ஐந்து என்றால் பெட்டி கட்டலாம். ஒன்று என்றால் மொத்தத்தையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும்.

“கப்பல் நிக்காதுடி, சீக்கிரம் போடு!” என்பாராம் சூப்பர்வைசர் அம்மா.

“கப்பல்ல ஏறிப் போயிட்டு அப்படியே திரும்பி வரும் மேடம். பரவாயில்லையா?” என்று கேட்டுவிட்டு இவள் அடுத்த சட்டையைத் திருப்புவாளாம்.

எனக்கும் அவளுக்கும் நான்கு வயது வித்தியாசம். ஒல்லியாக இருப்பதால் என்னை அவள் ‘நூலு’ என்பாள். பத்தாம் வகுப்போடு நின்றவள். ஏன் நின்றாய் என்று யாராவது கேட்டால், “கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரல” என்று சிரித்து மழுப்புவாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பன்னிரண்டாவது வரை படித்த நான் ஒரு தடவைகூட எட்டியதில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் அப்பா சாரத்திலிருந்து விழுந்து ஏழு மாதம் படுத்திருந்தார் என்பதும் தெரியும். அதை அவள் சொல்லமாட்டாள். நான் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை சரியாக இருக்காது.

அப்பா கொத்தனார். அம்மா கோழிப்பண்ணையில் முட்டைகளை அளவு பார்த்து அட்டையில் அடுக்குகிறவள். இவர்கள் இருவருக்கும் முன்னால், நான் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது, மதிப்பெண் தாள் வீட்டில் கைக்குக் கை மாறியது. சந்தோஷம்தான். ஆனால் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் பரம்பரையில் அந்தப் பக்கம் போனவர்கள் யாரும் இல்லை.

“பக்கத்துலயே ஒரு காலேஜ் இருக்கே” என்றார் அப்பா. “காலைல பஸ் ஏறினா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். நான்தான் அதுக்குக் காம்பவுண்டு சுவர் கட்டினேன். நல்ல சுவர்.”

“சுவர் நல்லாத்தான் இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?” என்றாள் அக்கா.

“உள்ள நம்மள எவன் விட்டான்?”

“அப்ப நான் பாக்கறேன். பாக்காம ஒரு சட்டையக்கூட நான் அனுப்பறதில்ல. இவன எப்படி அனுப்பறது?”

அம்மா, “சட்டையும் புள்ளையும் ஒண்ணாடி?” என்றாள்.

“சட்டைன்னா பிரிச்சுத் தைக்கலாம்மா” என்றாள் அக்கா.

அவளுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. கல்லூரிகள் திறந்திருக்கும் நாள். என் மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்கக்கூடிய ஐந்து இடங்களின் விளம்பரப் புத்தகங்களை வாங்கிவந்து, ஒவ்வொரு செவ்வாயும் ஓர் இடத்துக்குக் கிளம்பிவிட்டாள். பையில் விளம்பரப் புத்தகம், தண்ணீர் பாட்டில், ஒரு சுருள் அம்பு ஸ்டிக்கர். திரும்பி வரும்போது அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பாக அம்பு முளைத்திருக்கும்.

பக்கத்துக் கல்லூரியின் புத்தகத்தில் படத்தை விட அம்பு அதிகம். நூலகம் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டிருக்கிறாள். சாவி வைத்திருப்பவர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்களாம். எப்போது வருவார் என்றால், போன மாதமே வந்திருக்க வேண்டும் என்று பதில். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“நாற்காலியெல்லாம் பளபளன்னு இருக்குடா நூலு. வாங்கினப்ப சுத்தியிருந்த பிளாஸ்டிக் காகிதம்கூட இன்னும் கிழியல. ஒருத்தன்கூட உக்காரல. ஒரு மார்க்.”

“பெயிண்ட் நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார் அப்பா, விடாமல்.

“அதுக்குத்தான்பா அந்த ஒரு மார்க்கும்.”

இரண்டாவது கல்லூரிக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. நான்காவது இடம் பரவாயில்லை, ஆய்வுக்கூடம் அருமை, ஆனால் மாலை ஐந்து மணிக்கு எல்லாக் கதவையும் சாத்திவிடுகிறார்கள் என்று நான்கு மார்க். வீட்டில் எல்லோரும் கல்லூரிகளின் பெயரையே மறந்து, “அந்த ரெண்டு மார்க்கு காலேஜு”, “மூணு மார்க்கு” என்றே பேசப் பழகிவிட்டோம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எங்களைக் கவிழ்த்தது இதுதான்.

ஐந்தாவது இடம் நகரத்துப் பல்கலைக்கழகம். பேருந்தில் ஐந்து மணி நேரம். அதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அவ்வளவு பேரை ஒரே இடத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நுழைவாயிலில் நின்று வாயைப் பிளந்தேன். அக்கா என் முதுகில் ஒரு தட்டு தட்டி, “முன்பக்கத்தையே பாத்துட்டு நிக்காத. எல்லாருக்கும் காட்டத்தான் அது. வா” என்று நேரே கழிப்பறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். அங்கே ஒரு அம்பு விழுந்தது, குழாய் சொட்டியது. பிறகு மூன்றாம் வருட மாணவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று விசாரித்தாள்.

“எதுக்குக்கா மூணாம் வருசம்?”

“முதல் வருசத்துக்காரன் வந்த சந்தோஷத்துல நல்லாருக்குன்னுதான் சொல்வான். மூணு துவைப்பு துவைச்ச பிறகு சாயம் எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

மூன்று துவைப்புக் கண்டவர்கள் நூலகத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடிதடி இல்லை. ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் மீனுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றிய சண்டை. ஒருவன் கத்துகிறான், ஒருத்தி அதைவிடச் சத்தமாக ஒரு புத்தகத்தைப் பிரித்துப் படிக்கிறாள், மூன்றாமவன் அந்தப் புத்தகமே தப்பு என்கிறான். அக்கா அந்தப் படியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில், “மீனுக்குப் படிக்கட்டு கட்டலாமே?” என்றாள். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். புத்தகம் வைத்திருந்தவள், “அப்படி நிஜமாவே கட்டறாங்க! நீங்க எந்தத் துறைக்கா?” என்று கேட்டாள்.

“சட்டைத் துறை” என்றாள் அக்கா.

அந்தப் பெண்தான் எங்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினாள். அவளும் எங்களைப் போல ஒரு கிராமத்துக்காரி. நூலக வாசிப்பறையில் நாற்காலிகளின் கைப்பிடி எல்லாம் வெளுத்துத் தேய்ந்திருந்தது. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்து எனக்குக் கண்ணைக் காட்டினாள். அறிவிப்புப் பலகையில் காகிதத்துக்கு மேல் காகிதம்: நாடகக் குழுவுக்கு ஆள் தேவை, மலையேற்றம், சதுரங்கம், ரத்த தானம், இரவல் சைக்கிள், முதல் வருடத்துக்காரர்களுக்கு இலவசமாகக் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் அறை. அந்தக் கடைசி அறையின் கதவைத் திறந்தே பார்த்துவிட்டாள் அக்கா. உள்ளே ஒரு பையன் தன் கட்டுரையைப் படித்துக்காட்ட, இன்னொருவன் பென்சிலோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

“இங்க வர்றதுக்கு வெக்கமா இருக்காதா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

“முதல் வாரம் இருக்கும்க்கா. அப்புறம் இடம் பிடிக்க அடிதடி.”

விளம்பரப் புத்தகத்தில் ஏரி என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு வாத்துகள் நடந்தே கடக்கும் குட்டை. அங்கே இரண்டாவது அம்பு. மூன்றாவது அம்புக்கு வேலை இல்லை.

திரும்பும் பேருந்தில் அவள் சொன்னது: “எல்லாத்தையும் நான் பாக்கலடா. பாக்கவும் முடியாது. ஆனா உருவின இடமெல்லாம் கெட்டியா இருக்கு. இதான். அஞ்சு.” அவள் ஐந்து போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆனது. “அவ்வளவு தூரம், தெரிஞ்சவங்க யாரும் இல்ல” என்றார். கடைசியில், “சரி, உன்னை நம்பி விடறேன் பெரியவளே” என்று எழுந்துபோனார்.

விண்ணப்பம் போனிலேயே போட வேண்டும். ஐந்து பெயர்களையும் வரிசையாகக் கொடுத்தோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம். அதில் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். “நானே போடறேன், நான்தானே பாத்தேன்” என்று அக்கா போனை வாங்கிக்கொண்டாள். பக்கத்துக் கல்லூரிக்கு ஒன்று. ரெண்டு மார்க்குக் கல்லூரிக்கு இரண்டு. நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து. என்னிடம் நீட்டி, “சரியா பாரு” என்றாள். பார்த்தேன். எனக்கும் சரியாகத்தான் பட்டது. அம்மாவும் பார்த்தாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, “ஆமா, அதுக்குத்தானே அஞ்சு” என்றார். நான்கு பேர் எட்டுக் கண்ணால் பார்த்து அனுப்பிய விண்ணப்பம் அது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. பக்கத்துக் கல்லூரி, வணிகவியல்.

அக்கா நம்பவில்லை. ஏதோ கோளாறு என்று உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்திருந்தாள், நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

“வாழ்த்துகள்! உங்க முதல் விருப்பமே கிடைச்சிருக்கே” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

“இல்லைங்க. அதுக்கு நாங்க ஒண்ணுதான் போட்டோம்.”

“ஆமா மேடம். ஒண்ணுன்னா முதல் விருப்பம்.”

“அஞ்சு போட்டதுதான் எங்களுக்கு வேணும்.”

“அஞ்சுன்னா கடைசி விருப்பம் மேடம். வேற ஒண்ணும் கிடைக்கலன்னாதான் அது.”

அக்கா போனைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கட்டம் கேட்டது வரிசையை. நாங்கள் கொடுத்தது மார்க்கை. தினமும் அட்டையில் மார்க் போடுகிறவள் வீட்டில் வேறு எந்தத் தப்பு நடக்கும்? ஒன்று என்றால் பிரித்துத் தைப்பது, ஐந்து என்றால் பெட்டி கட்டுவது. எங்களுக்கு உலகமே அப்படித்தான் இருந்தது.

அப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். “உன்னை நம்பி விட்டேன் பாரு.” சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அக்கா அன்று சாப்பிடவில்லை. தொழிற்சாலையில் மறுநாள் ஒரு லாட்டுக்கு மார்க் போடாமலேயே உட்கார்ந்திருந்தாள் என்று அவளோடு வேலை செய்யும் பெண்கள் பிறகு சொன்னார்கள். ஆனால் அடுத்த நாள் அவள் வேறு ஒரு தகவலோடு வந்தாள். நிரம்பாத இடங்களுக்குப் பல்கலைக்கழகத்திலேயே நேரில் ஒரு நாள் சேர்க்கை நடக்கும். வியாழக்கிழமை. மதிப்பெண் வரிசையில் கூப்பிடுவார்கள். படிக்கட்டில் பார்த்த அந்தக் கிராமத்துப் பெண்ணின் எண்ணை அக்கா வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பெண் சொன்ன தகவல் இது.

“ஆனா ஒரு கண்டிஷன்டா” என்றாள். “வரிசைல நிக்கணும்னா, கையில இருக்கற சீட்டைத் திருப்பிக் கொடுத்துடணும்.”

“அங்க கிடைக்கலன்னா?”

“ரெண்டும் இல்ல. ஒரு வருசம் வீட்ல.”

அது கப்பல் வாரம், சரக்கு ஏற்றி அனுப்பும் வாரம். விடுப்பு என்ற சொல்லையே வாயில் எடுக்கக்கூடாது. சூப்பர்வைசர் அம்மா, “உன் மேசைல யாருடி உக்காருவா?” என்று கேட்டாராம். “இன்னிக்கி எல்லா லாட்டையும் முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பேன்” என்றாளாம் இவள். முடித்துவிட்டும் வந்தாள்.

வியாழன் காலை அந்தப் பெரிய கூடத்தில் நாற்பத்தாறு மாணவர்கள். கரும்பலகையில் பதினொரு இடங்கள்: இயற்பியல் இரண்டு, வேதியியல் மூன்று, புவியியல் மூன்று, புள்ளியியல் இரண்டு, வரலாறு ஒன்று. நான் ஆசைப்பட்டது இயற்பியல். பெயர் கொடுக்கும் மேசையில் இருந்த எழுத்தர் என் தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன தம்பி, எங்கள அஞ்சாவதா போட்டிருக்க? பிடிக்காத இடத்துக்கு இவ்வளவு தூரமா வந்த?”

“அது மார்க் சார்” என்றாள் அக்கா. “அஞ்சுக்கு அஞ்சு.”

எழுத்தர் என் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு என்ன நடந்திருக்கும் என்று புரிந்து, சிரிப்பை அடக்க இருமினார். “எனக்குத் தெரிஞ்சு எங்களுக்கு யாரும் முழு மார்க் போட்டதில்லம்மா” என்றவர், ஒரு தாளை நீட்டினார். “ஆனா விதி விதிதான். அந்த சீட்டு வேண்டாம்னு இதுல கையெழுத்துப் போட்டாத்தான் டோக்கன். பத்தரை மணி வரைக்கும் நேரம் இருக்கு.”

மணி பத்து ஐந்து. என் மதிப்பெண்ணுக்கு அந்தக் கூடத்தில் நான் பதினான்காவது ஆள். இடமோ பதினொன்று. அக்காவைப் பார்த்தேன். எதையும் திருப்பிப் பார்த்துச் சட்டென்று சொல்கிறவள், அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லுக்கா.”

“நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை சொல்லித்தான் உன்னை இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கேன். நீயே முடிவு பண்ணு.”

அந்தப் படிக்கட்டுச் சண்டை எனக்கு ஞாபகம் வந்தது. வெளுத்துப்போன நாற்காலிக் கைப்பிடிகள். பென்சிலோடு கேட்டுக்கொண்டிருந்த பையன். பூட்டிய நூலகத்துக்குள் பிளாஸ்டிக் காகிதம் கிழியாத நாற்காலியில் மூன்று வருடம் உட்காருவதைவிட, ஒரு வருடம் காத்திருந்து மறுபடி இங்கே வரலாம் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன்.

“போட்டுட்டியா?” என்றாள்.

“போட்டுட்டேன்.”

“அப்பாகிட்ட நீதான் சொல்லணும்” என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது, பயத்தில் வருமே அந்தச் சிரிப்பு.

கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் மூன்று பேருக்குள் இயற்பியல் இரண்டும் போயிற்று. இயற்பியலுக்காகவே வந்த ஒரு பையன், அடுத்து அவன் பெயர் வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே போனான். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வேதியியல் போயிற்று. வரலாறு போயிற்று. ஒரு அம்மா தன் மகளிடம், “புவியியல் படிச்சு என்ன பண்ணுவ, வரைபடம் விப்பியா?” என்று கூடமே கேட்க வாதாடி, அவளை இழுத்துக்கொண்டு போனார். பாவம் அந்தப் பெண். ஆனால் அக்காவின் பிடி இன்னும் இறுகியது. பதின்மூன்றாவது ஆள் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் யாரிடமோ பேசினான், திரும்பி வந்தான், மறுபடி போனான். எழுத்தர், “தம்பி, நாங்களும் வீட்டுக்குப் போகணும்” என்றார். அவன் வேண்டாம் என்றான்.

பதினொன்றில் பத்து அழிந்து, பலகையில் ஒரே ஓர் இடம் மிஞ்சி நின்றது. புள்ளியியல்.

“அதுல என்ன சார் சொல்லிக்கொடுப்பாங்க?” என்று நான் கேட்பதற்கு முன் அக்கா கேட்டாள்.

எழுத்தர் யோசித்தார். “கொஞ்சத்தைப் பாத்து மொத்தத்தையும் பத்திச் சொல்றதும்மா. எவ்வளவு தப்பா சொல்லுவோம்னும் சேர்த்துச் சொல்றது.”

அக்காவின் முகம் மாறியது. “அதுக்குப் பட்டம் வேற குடுக்கறாங்களா?”

“எடுத்துக்கறேன் சார்” என்றேன்.

சேர்க்கைப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் அக்கா கையெழுத்திட்டாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தொழில் என்ற கட்டத்தில் ‘செக்கர்’ என்று எழுதியதைப் பார்த்து, அப்படி என்றால் என்ன என்று எழுத்தர் கேட்டார். “சரியா இருக்கான்னு பாத்து அனுப்பற வேலை சார்” என்றாள்.

வெளியே வந்து அப்பாவுக்கு நான்தான் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், “கட்டடம் உறுதியா?” என்று மட்டும் கேட்டார். அக்காவிடம் கொடு என்று சொல்லவில்லை. அவள் பக்கத்தில்தான் நின்றாள், காதில் விழுந்திருக்கும்.

அந்த மூன்று வருடத்தைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். என் முதல் கட்டுரை சிவப்பு மையில் குளித்துக்கொண்டு திரும்பி வந்தது. இலவசக் கட்டுரை அறைக்குப் போனேன். அந்தப் பெண் சொன்ன மாதிரியே முதல் வாரம் வெட்கம், பிறகு இடம் பிடிக்க அடிதடி. மூன்றாம் வருடத்தில் பென்சிலோடு கேட்கிறவனாக அங்கேயே உட்கார்ந்தேன். விடுதி அறையில் என்னோடு இருந்தவர்களில் ஒருவன் மீனவர் மகன், ஒருவன் மருத்துவர் மகன். இருவரும் ஒரே மாதிரி குறட்டை விடுவார்கள். நாடகக் குழுவில் எனக்கு மரம் வேடம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் பதவி உயர்ந்து நீதிபதியானேன். படிக்கட்டில் உட்கார்ந்து எனக்கு ஒன்றுமே தெரியாத விஷயங்களைப் பற்றி மணிக்கணக்கில் கத்தினேன். கத்தியதற்குப் பிறகு உள்ளே போய்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் ஒருவன் சொன்னது தப்பு என்றால் அவனோடு பேச்சு முறியும். இங்கே தப்பு என்று சொன்னவன்தான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

முதல் பருவத்திலேயே ஒரு நாள், மாதிரி எடுத்துச் சோதிப்பது பற்றிய வகுப்பு. பேராசிரியை சாதாரணமாகக் கேட்டார்: “ஆயிரம் பொருள் இருக்கு. எத்தனை எடுத்துப் பாத்தா போதும்?” நூறு என்றான் ஒருவன், ஐந்நூறு என்றாள் ஒருத்தி. அதுவரை வகுப்பில் வாயே திறக்காத நான், “எண்பது” என்றேன்.

“எப்படிச் சொல்றீங்க?”

“எங்க அக்கா எண்பதுதான் எடுப்பாங்க.”

வகுப்பு சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த அட்டவணையைத் திரையில் போட்டார். ஆயிரத்துக்கு நேரே எண்பது என்று இருந்தது. “எண்பதுல எத்தனை கெட்டிருந்தா திருப்பி அனுப்புவாங்க?” என்று கேட்டார். “ஆறு” என்றேன். அட்டவணையிலும் ஆறு. “உங்க அக்கா எந்த யூனிவர்சிட்டி?” என்றார். அன்றிலிருந்து அந்த வகுப்பில் நான் வாய் மூடியதே இல்லை.

பட்டமளிப்பு நாளுக்கு ஒரு மாணவருக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள்தான். வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். அப்பாவும் அம்மாவும் வருவார்கள் என்று நினைத்தேன். அக்காவும் அதைத்தான் சொன்னாள். கிளம்பும் நாள் காலையில் அப்பா தன் சீட்டை எடுத்து அவள் பைக்குள் வைத்தாராம்.

“என்னப்பா இது?”

“நீயும் அம்மாவும் உள்ள போங்க. நான் வெளிய நின்னு கட்டடத்தப் பாக்கறேன்.”

“உங்க புள்ளைப்பா.”

“சேர்த்துவிட்டவ நீதானே. போ.”

மூன்று வருடத்துக்கு முன் சொன்ன வாக்கியத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் வரும், வேறு ஏதோ வேலையாக வந்த மாதிரி.

விழா முடிந்து அங்கியோடு நான் வெளியே ஓடி வந்தபோது, அப்பா நுழைவாயில் காவலாளியோடு நெடுநாள் பழகியவர்போலப் பேசிக்கொண்டிருந்தார். வாயில் தூணில் கை வைத்து, பூச்சு வேலையைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தவர், கூட்டத்துக்குள் அக்கா வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என்னை அவர் பார்க்கவில்லை.

“அதோ, பச்சைப் பை மாட்டிக்கிட்டு வர்றா பாருங்க, அதான் எம் பொண்ணு” என்றார்.

“ஓ, அவங்கதான் பட்டம் வாங்கினாங்களா?” என்று கேட்டார் காவலாளி.

“இல்ல இல்ல, வாங்கினது அவ தம்பி” என்றார் அப்பா. “அஞ்சு காலேஜ் ஏறி இறங்கி, இந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிச்சது இவ.”